எல்லை காக்கும் விலங்குகளை உருவகப்படுத்த நெட்லோகோ: ஒரு மதிப்புரை

வரைபடத்தில் ஆய்வாளர் இடும் எல்லைக்கோடு விலங்கின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் புதரருகே அயல் விலங்கொன்றின் மணம் இன்னும் மங்கவில்லை, அந்தக் கிளையிலிருந்து வேறொரு குரல் கேட்கிறது, தன் துணை சற்று முன் இந்தப் பக்கம் நகர்ந்தது என்பன போன்ற சிறு செய்திகளையே அது அறிகிறது. அச்செய்திகளுக்கு ஏற்ப அது எடுத்து வைக்கும் அடிகள் சேர்ந்துதான் நாம் பின்னர் எல்லை என்று பெயரிடும் வடிவம் உருவாகிறது. ஆகவே இத்தகைய விலங்குகளின் நடமாட்டத்தைக் கணினியில் காண விரும்புவோர்க்கு, எல்லையை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் விலங்கை உலவவிடும் கருவி போதாது. அடிகளிலிருந்து எல்லை தானே விளைய இடம் கொடுக்கும் கருவி வேண்டும். நெட்லோகோ அப்படிப்பட்ட மென்பொருள் என்பதே என் முடிவு. வகுப்பறைப் பயன், சமூக அறிவியல் மாதிரிகள் என அதற்கு வேறு பல பயன்கள் உண்டெனினும், துணையையும் வளத்தையும் காக்கும் விலங்குகளின் அசைவை ஆராய அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே எடைபோடுகிறேன்.

யூரி வைலன்ஸ்கி 1999இல் உருவாக்கிய இந்த மென்பொருள், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வு மையத்தால் தொடர்ந்து வளர்க்கப்பட்டு வருகிறது. இதற்கு விலை இல்லை; மூலநிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நிறுவ விரும்பாதவர்கள் உலாவியிலேயே இயக்கலாம் என்றாலும், அந்தப் பதிப்பில் எல்லா நீட்சிகளும் (கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரல்களும்) இயங்குவதில்லை என்பதால், கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பையே இவ்வேலைக்குப் பரிந்துரைப்பேன். திரையில் ஆமை ஒன்றை நகர்த்திப் படம் வரையும் லோகோ என்ற நிரல்மொழியின் வழிவந்தது என்பதால், நகரும் முகவர்களுக்கு, அதாவது தத்தம் விதிப்படி இயங்கும் உருக்களுக்கு, இதில் ஆமைகள் என்று பெயர். தரை சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். இரண்டு முகவர்களுக்கிடையே இணைப்புகளை உண்டாக்கலாம். இவை அனைத்தையும் மேலிருந்து பார்த்து ஆணையிடும் நோக்கர் ஒருவரும் உண்டு.

இந்த அமைப்பு எல்லை ஆய்வுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. உணவு எங்கே எவ்வளவு இருக்கிறது, எந்த விலங்கின் மணம் எங்கே எப்போது பதிந்தது என்பன கட்டத்தின் உடைமைகள். ஆற்றல் இருப்பு, நினைவில் நிற்கும் இடங்கள், பார்வை எட்டும் தொலைவு ஆகியவை விலங்கின் உடைமைகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான பிணைப்பை ஓர் இணைப்பாக்கி, அதற்கும் தனி மாறிகள் கொடுக்கலாம்; பெண் கருத்தரிக்கக் கூடிய காலம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை அங்கேயே வைத்துக்கொண்டால் நிரல் மிகத் தெளிவாகிறது. ஆமைகள் கட்டத்துக்குக் கட்டம் தாவுபவை அல்ல. அவற்றின் இருப்பிடம் தொடர்ச்சியான ஆயங்களில் குறிக்கப்படுவதால், விலங்கின் நடைத்தடத்தைச் சதுரங்கக் காய்போல் முடக்க வேண்டியதில்லை.

மென்பொருளோடு வரும் மாதிரி நூலகத்தில் எறும்புகள் என்றொரு மாதிரி இருக்கிறது. உணவு கண்ட எறும்பு வேதிப்பொருளை உமிழ்ந்தபடி கூடு திரும்ப, அது பரவி ஆவியாகிக் குறைய, மற்ற எறும்புகள் செறிவு மிகுந்த திசையில் செல்லும். எல்லை மாதிரியைத் தொடங்குவோர் இதிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் எல்லை காக்கும் விலங்கின் விதி இதைத் திருப்பிப் போட்டதே. மணத்தை நோக்கிச் செல்வதற்குப் பதில் அயல் மணத்திலிருந்து விலகு என்று மாற்றினால் மாதிரி பாதி முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் மாற்ற வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன, இரண்டுமே முக்கியமானவை. எறும்புகளுக்கு மணம் பொதுச்சொத்து; இங்கோ அது யாருடையது என்பதே செய்தி. கட்டத்துக்கு ஒரே ஒரு உரிமையாளர் மாறியை வைத்தால் கடைசியாகக் குறியிட்டவர் முந்தையவரை அழித்துவிடுவார்; இரு எல்லைகள் மேற்பொருந்தும் பகுதி இருந்ததாகவே தெரியாது. ஒவ்வோர் உரிமையாளருக்கும் தனிப் பதிவு வைக்கப் பட்டியல் தேவை. ஆனால் மணத்தைப் பரப்பும் டிஃபியூஸ் கட்டளை எண் மாறிகளின் மேல்தான் செயல்படும், பட்டியல்களின் மேல் செயல்படாது. இரண்டாவதாக, பாலூட்டிகள் கல்லிலும் புதரிலும் இடும் குறிகள் புகைபோலப் பரவுவதில்லை, இட்ட இடத்திலேயே இருந்து வீரியம் இழக்கின்றன. எனவே மணத்தின் அளவைச் சேமிப்பதை விட்டுவிட்டு, குறியிட்ட நேரத்தைச் சேமிப்பதே சரியான வழி. இப்போதைய நேரத்துக்கும் குறியிட்ட நேரத்துக்கும் உள்ள வேறுபாடு குறியின் ஆயுளைவிடக் குறைவா என்று வந்து நிற்கும் விலங்கு பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு நொடிப்படியிலும், அதாவது மாதிரியின் காலம் நகரும் ஒவ்வோர் அடியிலும், எல்லாக் கட்டங்களையும் புதுப்பிக்க வேண்டிய சுமை இதனால் நீங்குகிறது. மாதிரி வேகமாக ஓடுவதற்கும் இதுவே முதற்காரணம்.

இப்படி எழுதினால் மூன்றே விதிகள் போதும்: அயல் மணம் உயிரோடிருக்கும் கட்டத்தில் இருந்தால் பின்வாங்கு, இல்லையேல் ஏதேனும் ஒரு திசையில் ஓரடி வை, வைத்த இடத்தில் குறியிடு. பிரிஸ்டல் நகரத்துச் செந்நரிகளின் நடமாட்டத் தரவுகளை முன்வைத்து ஜுஜ்ஜோலி, பாட்ஸ், ஹாரிஸ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட கோட்பாட்டு மாதிரியின் சாரம் இதுதான். யாருக்கும் வீடு இல்லை, மையம் இல்லை, எல்லை பற்றிய அறிவும் இல்லை; ஆயினும் சிறிது நேரத்தில் தரை பல ஆட்சிப்பரப்புகளாகப் பிரிந்து நிற்கிறது. விலங்கு தன் பரப்பைச் சுற்றி மீண்டும் அதே இடத்துக்கு வந்து சேர ஆகும் காலத்தைவிடக் குறியின் ஆயுள் நீண்டிருந்தால் எல்லைகள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்; குறுகியிருந்தால் அலையும். நெட்லோகோவின் தனிச்சிறப்பு இங்கே வெளிப்படுகிறது: மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே நழுவியை (திரையில் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குக் குமிழை) நகர்த்திக் குறியின் ஆயுளைக் குறைக்கலாம், எல்லைகள் தளர்வதை அந்தக் கணமே பார்க்கலாம். கட்டளைப் பெட்டியில் ஒரு வரி எழுதி ஒரு விலங்கை மட்டும் நீக்கினால், அண்டையர் அந்த வெற்றிடத்துக்குள் படிப்படியாக நகர்வதும் தெரியும். பிரிஸ்டலில் 1994இல் சொறிநோய் பரவி நரிகள் மடிந்தபோது, வெறுமையான பரப்புகளை எஞ்சிய நரிகள் விரைவில் தம்முடையதாக்கிக்கொண்டன. கிரேட் டிட் பறவைகளைக் காட்டிலிருந்து அகற்றி, வேலியோரத்துப் பறவைகள் அந்த இடங்களை நிரப்புவதை ஜான் கிரெப்ஸ் 1971இல் காட்டியதும் இதே கேள்வியைக் களத்தில் கேட்டதுதான். களத்தில் அரிதாகவே செய்யக் கூடியதை இங்கே விரும்பும்போதெல்லாம் செய்யலாம் என்பது சிறிய வசதி அன்று.

வளத்தைக் காப்பதைப் பொறுத்தவரை வேலை எளிது. கணக்கை நேர்மையாக வைத்தால் போதும். காப்பதால் வரும் ஆதாயம் காக்கும் செலவை மிஞ்சும்போதுதான் விலங்கு காக்கும் என்று ஜெரம் பிரௌன் 1964இல் சொன்னதை, கென்யாவின் தங்கச்சிறகுத் தேன்சிட்டுகளைக் கொண்டு கில்லும் வுல்ஃபும் 1975இல் எண்களாக்கிக் காட்டினர். அமர்ந்திருக்க மணிக்குச் சுமார் 400 கலோரி, தேன் உண்ண 1,000, ஊடுருவியைத் துரத்த 3,000 என்பது அவர்கள் கணக்கு. காக்கப்படாத பூக்களில் தேன் குறைவாக இருக்கும் நாளில், காக்கப்பட்ட பூக்களில் மிகுதியாகக் கிடைக்கும் தேன் உண்ணும் நேரத்தைச் சுருக்குகிறது. அந்தச் சேமிப்பு துரத்தும் செலவை ஈடுசெய்தால் காவல் தகும். இந்த மூன்று செலவுகளையும் மூன்று நழுவிகளாக்கி, தேன் ஊறும் வேகத்தை நான்காவதாக்கினால், காவல் தோன்றி மறையும் இடங்கள் தாமே வெளிப்படும். பூக்களில் தேன் எங்கும் நிறைந்திருக்கும்போது பறவை காவலைக் கைவிடுவதும், தேன் அறவே இல்லாதபோதும் கைவிடுவதும் ஒரே விதியிலிருந்து விளைகின்றன. இதற்கு மேல் நெட்லோகோவைப் பற்றி இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை.

துணையைக் காப்பது வேறு வகையான சிக்கல். பூ நகராது, பெண் நகரும். தனக்கென்று தேவைகளும் தெரிவுகளும் அவளுக்கு உண்டு. பெண்ணின் பரவல் உணவைத் தொடர்கிறது, ஆணின் பரவல் பெண்களைத் தொடர்கிறது என்ற கருத்தை எம்லனும் ஓரிங்கும் 1977இல் விரிவாக எடுத்துவைத்தனர். நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவின் புலிகளுக்காக 2015இல் வெளியான முகவர்சார் மாதிரியும் இந்த அடுக்கின் மேல்தான் நிற்கிறது: பெண்புலி இரையின் செறிவைப் பார்த்துத் தன் பரப்பை வகுக்க, ஆண்புலி பெண்களின் பரப்புகளைப் பார்த்துத் தன் பரப்பை வகுக்கிறது. மறுகோடியில் மஞ்சள் சாண ஈ இருக்கிறது. பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை ஆண் அவளை விடுவதில்லை. கடைசியாகக் கூடிய ஆணே ஏறத்தாழ 80 விழுக்காடு முட்டைகளுக்குத் தந்தையாகிறது என்பதை ஜெஃப்ரி பார்க்கர் காட்டியபோது அந்தப் பிடிவாதத்தின் காரணம் விளங்கியது. அந்த ஈ காப்பது நிலத்தை அன்று, பெண்ணையே.

பெரும்பாலான விலங்குகள் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றன, நெட்லோகோ எனக்கு மிகவும் பயன்பட்டதும் அந்த இடைவெளியில்தான். ஆணுக்கு இரண்டு நடைகள் உண்டு: ஒன்று சுற்றிவருதல், மற்றொன்று பின்தொடர்தல். தனித்தனியே இரண்டும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். துணையை நோக்கித் திரும்பி முன்னே செல் என்பதற்கு மேல் பின்தொடர்தலில் என்ன இருக்கிறது? ஆனால் ஓர் ஆண் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முடியாது என்பதை நிரலில் எழுதியவுடன் மாதிரி உயிர்பெறுகிறது. பெண்ணின் பின்னே சென்றால் தொலைவிலுள்ள எல்லையில் அவன் இட்ட குறிகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. அண்டை ஆண் உள்ளே வருகிறான். அவனைத் துரத்தப் போனால் பெண் தனியே நிற்கிறாள். அந்த நேரத்தில் மறுபக்கத்து அண்டையன் அவளைச் சந்திக்கக் கூடும். நான் அமைத்த மாதிரியில், பெண் கருத்தரிக்கக் கூடிய காலம் முழுவதும் ஆணின் பரப்பு அவள் இரைதேடும் இடத்தைச் சுற்றிச் சுருங்குவதையும், அந்தக் காலம் கழிந்ததும் மெல்ல மீள்வதையும் கண்டேன். குறியின் ஆயுளை நீட்டினால் இந்தச் சுருக்கம் மறைகிறது. ஏனெனில் அவன் இல்லாத நேரத்திலும் அவன் குறி அவனுக்காக நிற்கிறது. மணக்குறி இடும் விலங்குக்கும் குரலால் மட்டும் எல்லை அறிவிக்கும் பறவைக்கும் துணைக்காவலின் விலை ஒன்றாக இருக்க முடியாது என்ற எண்ணம் எனக்கு இந்தத் திரையின் முன்தான் தெளிவாகப் பிறந்தது; குரல் நின்ற கணமே அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது அல்லவா?

இத்தகைய மாதிரியைச் சோதிக்கக் களத்தில் நல்ல உரைகல் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் டன்னாக் பறவைகளை ஆராய்ந்த நிக் டேவிஸும் லண்ட்பெர்கும், உணவு கூடுதலாக வைக்கப்பட்ட இடங்களில் பெண்ணின் உலாப்பரப்பு சுருங்கியதையும், அதனால் ஓர் ஆணே அவளைத் தனக்கென்று காக்க இயன்றதையும் 1984இல் எழுதினர். உணவு சிதறிக் கிடந்தால் பெண் நெடுந்தொலைவு உலவுவாள், ஓர் ஆணால் காக்க இயலாது, இரண்டு ஆண்கள் அவளைப் பகிர நேரும். உங்கள் மாதிரியில் ஆணுக்கு எந்த விதியையும் மாற்றாமல் கட்டங்களின் உணவை மட்டும் கூட்டிக் குறைத்து இந்த மாற்றத்தைப் பெற முடிந்தால், விதிகள் சரியான பாதையில் இருக்கின்றன என்று நம்பலாம். ஆணின் விதியைத் தொட்டால்தான் கிடைக்கிறது என்றால் அந்த மாதிரியை நான் ஏற்கமாட்டேன்.

இனி, கருவி சொல்லாமல் செய்யும் சில தெரிவுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லை ஆய்வில் அவை முடிவையே மாற்றக் கூடியவை. ஆஸ்க் கட்டளை முகவர்களை ஒவ்வொரு முறையும் தற்செயல் வரிசையில் அழைக்கிறது. ஒருவர் தம் வேலை முழுவதையும் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவார். நீண்ட ஓட்டத்தில் யாருக்கும் சலுகை இல்லை என்பது நல்லதே. ஆனால் இரண்டு விலங்குகள் ஒரே கணத்தில் ஓரிடத்துக்கு வந்து சேர்வது இம்முறையில் நிகழவே நிகழாது. எப்போதும் ஒருவர் முந்தியவராகவே இருப்பார். முன்பே இருப்பவர் வெல்வார் என்ற விதியை இதனோடு சேர்த்தால், மோதலின் முடிவை உயிரியலுக்குப் பதிலாக அழைப்பு வரிசை தீர்மானிக்கிறது. துணைக்காவலிலும் இதே தொல்லை உண்டு: பெண் முதலில் நகர்ந்து ஆண் பின்னர் நகர்ந்தால் அவர்களுக்கிடையே தொலைவு ஒன்று, மாறி நடந்தால் வேறொன்று. ஒவ்வொரு நொடிப்படியையும் இரண்டாகப் பிரித்து, முதலில் அனைவரும் பார்த்து முடிவெடுக்கவும் பின்னர் அனைவரும் நகரவும் செய்வதே இதற்கு மருந்து. மென்பொருள் இதைத் தடுப்பதில்லை, நினைவூட்டுவதும் இல்லை.

புதிய மாதிரியைத் திறந்ததும் கிடைக்கும் உலகத்தின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வலப்பக்கம் வெளியேறிய விலங்கு இடப்பக்கம் நுழையும். கோட்பாட்டு ஆய்வுக்கு இது வரம், ஏனெனில் எல்லோருக்கும் எல்லாப் பக்கமும் அண்டையர் இருப்பார்கள். தீவையோ மதில்சூழ்ந்த பூங்காவையோ உருவகப்படுத்துவோர் இதை முதல் வேலையாக நிறுத்திவிட வேண்டும். விளிம்பில் வாழ்பவருக்கு அண்டையர் குறைவு, ஆகவே காவல் செலவும் குறைவு என்பது உண்மையான உயிரியல் விளைவு, அதை ஒட்டிய உலகம் அழித்துவிடுகிறது. ஒட்டிய உலகத்தில் தொலைவையும் திசையையும் கணிக்கும் கட்டளைகள் விளிம்பைக் கடந்த குறுக்குவழியையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் விலங்கின் பரப்பு மையத்தைக் காண ஆயங்களின் சராசரியை நீங்களே எடுத்தால், விளிம்பின் இருபுறமும் பரவியிருக்கும் விலங்கின் மையம் உலகின் நடுவில் வந்து விழும்.

மோதல் விதியைத் தெரிவது மென்பொருளின் பொறுப்பன்று, எனினும் ஒரு சொல். ஸ்பெக்கில்டு வுட் வண்ணத்துப்பூச்சிகள் காட்டுத்தரையில் விழும் வெயில் திட்டுகளுக்காகச் சுழன்று பறந்து மோதும்போது முன்பே இருந்தவையே வென்றன என்று டேவிஸ் 1978இல் பதிவுசெய்தார். மேனார்டு ஸ்மித்தின் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அது அழகான சான்றாக நின்றது. பின்வந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தின. உரிமை ஒன்றே வெற்றி தரும் என்பதை விதியாக எழுதுவதற்கு முன், உடல் வெப்பம், வலிமை, அந்த இடம் அந்த விலங்குக்கு எவ்வளவு மதிப்புடையது ஆகியவற்றையும் மாறிகளாக வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

திரையில் விரியும் வண்ணங்களின் கவர்ச்சி பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பரப்புகள் தேன்கூடுபோல் பலகோணங்களாக அமைந்ததும் மனம் நிறைவடைந்துவிடும். திலேப்பியா மீன்களில் ஆண்கள் நெருக்கமாகக் குழி பறிக்கும்போது பரப்புகள் பலகோணங்களாக அமைவதை ஜார்ஜ் பார்லோ 1974இல் காட்டியிருக்கிறார், ஆகவே அந்த வடிவம் பொய்யன்று. ஆனால் ஒரே அளவு வலிமையுள்ளவர்கள் நெருக்கமாக இருந்து ஒருவரையொருவர் தள்ளும் எந்த விதியும் பலகோணங்களைத் தரும். எனவே அவை உங்கள் விதியைத் தனித்து உறுதிப்படுத்துவதில்லை. மினசோட்டா ஓநாய்க் கூட்டங்களின் பரப்புகளுக்கிடையே யாரும் அதிகம் நுழையாத பகுதிகள் இருப்பதையும், அங்கே மான்கள் எஞ்சி வாழ்வதையும் லூயிஸும் மரேயும் 1993இல் கணித மாதிரியில் பெற்றார்கள். எல்லையின் வடிவத்தைவிட, எல்லைக்கு இடையிலுள்ள வெற்றிடம் எங்கே தோன்றுகிறது, அதனால் இரைக்கு என்ன ஆகிறது என்று கேட்பது மிகக் கடுமையான சோதனை.

வேகத்தைப் பொறுத்தவரை, சில நூறு விலங்குகளுக்கு நெட்லோகோ தாராளமாகப் போதும். பார்வைத் தொலைவைப் பெரிதாக வைத்துச் சுற்றியுள்ள கட்டங்களை ஒவ்வொரு படியிலும் தேடச் சொன்னால் மந்தமாகும். ஒரு மாதிரியின் ஓட்டம் கணினியின் பல செயற்கருக்களைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஆனால் மென்பொருளோடு வரும் பிஹேவியர்ஸ்பேஸ் பல ஓட்டங்களை இணையாக நடத்தி, நழுவிகளின் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று, விளைவுகளை அட்டவணையாகத் தருகிறது. தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணான தற்செயல் விதையைக் குறித்து வைத்தால் எந்த ஓட்டத்தையும் அப்படியே மீட்டெடுக்கலாம். பல்லாயிரம் விலங்குகளோடு நீண்ட தலைமுறைகளை ஓட்ட விரும்புவோர் பைதான் நிரல்மொழியின் மேசா, ஜாவா நிரல்மொழியின் மேசன் போன்ற கருவிகளைப் பார்க்கலாம். அங்கே நிரல் எழுதுதல் கூடும், விதியைக் கண்முன் மாற்றிப் பார்க்கும் எளிமை குறையும். என் தெரிவு, விதிகள் முடிவாகும் வரை நெட்லோகோவே. மாதிரியை எழுத்தில் விவரிக்க, கிரிம்மும் பலரும் 2006இல் முன்வைத்த ஓடிடி (ODD: மேலோட்டம், வடிவமைப்புக் கருத்துகள், விவரங்கள்) என்ற வரைமுறையைப் பின்பற்றினால், மேலே சொன்ன அழைப்பு வரிசையும் விளிம்பும் மறைந்து போகாமல் பக்கத்தில் இடம்பெறும்.

களத் தரவோடு ஒப்பிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. மாதிரி ஒவ்வொரு படியிலும் விலங்கின் இருப்பிடத்தைத் தரும். கழுத்துப்பட்டையின் ஜிபிஎஸ் கருவியோ சில மணிகளுக்கு ஒருமுறைதான் தரும். முழுத்தடத்திலிருந்து கணித்த பரப்பையும் இடையிடையே பெற்ற புள்ளிகளிலிருந்து கணித்த பரப்பையும் நேரே ஒப்பிடுவது முறையாகாது. மாதிரியின் பதிவையும் கருவியின் இடைவெளிக்கே குறைத்து, அதே கணிப்பு முறையை இரண்டின் மேலும் செலுத்த வேண்டும். நெட்லோகோவில் இதற்கு ஒரு நிபந்தனை வரி போதும். கோப்பில் எழுதப்பட்ட புள்ளிகளை அதன் பைதான் நீட்சி வழியாகவே பகுப்பாய்வுக்கு அனுப்பலாம்.